கல் சொன்ன கதையைக் கேட்ட நங்கை
டாக்டர் சி. மீனாட்சி அம்மையாரின் வாழ்வும் பணியும்

வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன அரசர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே. தேர்வுக்கு முந்திய இரவு அவற்றை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறோம். ஆனால் வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. அக்காலத்து மக்கள் எப்படி உடுத்தினர், எப்படி ஆடினர், எதற்காக நோன்பிருந்தனர், இறைவன் திருமுன் எவ்வாறு நின்றனர் என்பனவும் வரலாறே ஆகும்.

சமயம் உள்ளத்தில் மட்டும் வாழ்வதன்று. மனிதரின் உடலிலும் அது வாழ்கிறது. கீழக்கரையில் வளரும் நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு முழந்தாட்படியிடுகிறோம். நம்மோடு படிக்கும் இஸ்லாமியத் தோழியர் ரமலான் மாதத்தில் பகல் முழுவதும் ஒரு துளி நீரும் அருந்தாமல் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். ஒளுச் செய்து, நின்றும் குனிந்தும் நெற்றி நிலத்தில் படியவும் தொழுகிறார்கள். அருகிலுள்ள திருப்புல்லாணியில் இராமபிரான் தருப்பைப் புல்லின்மேல் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறார். உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருந்து, மார்கழித் திருவாதிரைத் திருநாளையொட்டி மட்டும் திருமேனி காட்டுகிறார். ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு குருதி சிந்திய இடத்துச் செம்மணலை மக்கள் இன்றும் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள்.

இவ்வாறு மனிதர் தம் உடலால் இறைவனை வழிபட்ட வகைகளையும், அவர்தம் அன்றாட வாழ்க்கையையும், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லுருவங்களில் படித்தறிந்தவர் ஒரு பெண்மணி. அவர்தாம் டாக்டர் சி. மீனாட்சி அம்மையார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என்னும் பெருமையும் அவருக்கு உண்டு. அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 34 ஆண்டுகளே. அக்குறுகிய வாழ்நாளில் அவர் செய்த பணியை நம் மாணவியர் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

மீனாட்சி அம்மையார் 1905-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். கடாம்பி என்பது அவர்களுடைய குடும்பப் பெயர். தந்தையார் கடாம்பி பாலகிருஷ்ணன் சென்னை உயர்நீதிமன்றத்தில் அலுவல் பார்த்தவர். தாயார் மங்களம்மாள். மீனாட்சி சிறுமியாக இருக்கும்போதே தந்தையார் காலமானார். அதன்பின் குடும்பப் பொறுப்பு முழுவதையும் தாயாரே ஏற்று மகளை வளர்த்தார்.

தகப்பனை இழந்த வீட்டில் பெண்ணை நெடுங்காலம் படிக்க வைப்பது அந்நாளில் எளிய செயலாக இருக்கவில்லை. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாயிருந்த காலம் அது. சென்னையில் அரசினர் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது 1914-இல். பின்னர் அது இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. மகளிர் கிறித்துவக் கல்லூரி 1915-இல் தொடங்கப்பட்டது. அப்போது மீனாட்சிக்கு வயது பத்து. அவர் கல்லூரி செல்லும் பருவம் அடைவதற்குள் கதவுகள் ஒன்றிரண்டு திறந்திருந்தன. அவ்வளவில் அவர் நற்பேறு பெற்றவர் எனலாம்.

இளமையிலேயே அவருக்கு வரலாற்றின்மேல் தணியாத ஆவல் இருந்தது. தமையனார் லட்சுமிநாராயணனுடன் மாமல்லபுரம், காஞ்சிபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களுக்குச் சென்று பழஞ்சின்னங்களை நேரில் கண்டார். மற்றவர்கள் சுற்றுலாவாகப் பார்த்துத் திரும்பும் இடங்கள் அவருக்குப் பள்ளிக்கூடமாயின.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தவம் என்று வழங்கும் பெரும்பாறையை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். அதில் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறார். பட்டினியால் வயிறு ஒட்டி விலா எலும்புகள் தெரிகின்றன. சற்றுத் தள்ளி ஒரு பூனையும் அதேபோல் கால்களைத் தூக்கி நிற்கிறது. அதனருகே எலிகள் விளையாடுகின்றன. மெய்யான தவத்தையும் பொய்யான தவத்தையும் சிற்பி ஒரே பாறையில் காட்டிவிட்டான். ஆற்றங்கரையில் ஒருவர் நீராடிய துணியைப் பிழிகிறார். மற்றொருவர் குடம் சுமக்கிறார். அக்காலத்து மனிதர் தம் உடலை எவ்வாறு வருத்தினர், எவ்வாறு தூய்மை செய்தனர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஏடும் சொல்லாது. இத்தகைய கல்லேடுகளைப் படிப்பதே மீனாட்சியின் வாழ்க்கைத் தொழிலாயிற்று.

கல்லூரி வாயிலில்

1929-ஆம் ஆண்டு மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். மேற்கொண்டு எம்.ஏ. படிக்க விரும்பினார். அதற்கு அவர் நாடியது சென்னைக் கிறித்துவக் கல்லூரி. இப்போது தாம்பரத்தில் விளங்கும் அக்கல்லூரி, 1937-க்கு முன் நகரத்துக்குள் ஜார்ஜ் டவுனில் இருந்தது. அந்நாளில் அது ஆடவர் கல்லூரி. ஆதலால் மீனாட்சிக்கு முதலில் இடம் கிடைக்கவில்லை.

அவர் தமையனார் அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். தம் தங்கைக்குத் தாமே பொறுப்பு என்று அவர் உறுதி கூறிய பின்னரே மீனாட்சி சேர்த்துக்கொள்ளப்பட்டார். தங்கையின் அறிவை மதித்த அண்ணன் ஒருவர் துணை நின்றதால் அக்கதவு திறந்தது. அப்படி ஓர் அண்ணன் வாய்க்காத பெண்கள் எத்தனை பேர் கல்லூரி வாயிலிலிருந்தே திரும்பியிருப்பார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். திறமைக்கு மட்டுமே திறக்க வேண்டிய கதவு, உறவினரின் பிணையையும் கேட்டது.

ஆய்வுப் பணி

எம்.ஏ. முடித்தபின் மீனாட்சி சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியானார். அங்கு இந்திய வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். பாண்டியரைப் பற்றி 1929-இலும், சோழரைப் பற்றி 1935-இலும் 1937-இலும் பெருநூல்கள் வெளியிட்ட பேரறிஞர் அவர். அவருடைய வழிகாட்டுதலில் மீனாட்சி பல்லவர் காலத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

பல்லவரைப் பற்றி அதற்குமுன் யாரும் எழுதவில்லை என்பதன்று. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய், ஆர். கோபாலன், பம்பாய் புனித சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குரு ஹென்றி ஹெராஸ் அடிகளார் ஆகியோர் பல்லவர் வரலாற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதியிருந்தனர். எந்த அரசனுக்குப்பின் எவன் ஆண்டான், எவன் எவனோடு போரிட்டான் என்பனவே அவற்றுள் பெரும்பகுதி. மீனாட்சி எழுப்பிய கேள்விகள் வேறு. பல்லவர் நாட்டில் ஊர்ச்சபை எவ்வாறு நடந்தது? ஏரிகளை யார் காத்தனர்? நீதி எவ்வாறு வழங்கப்பட்டது? பிள்ளைகள் எங்கே கற்றனர்? இசையும் கூத்தும் ஓவியமும் எந்நிலையில் இருந்தன? சமயங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பழகின? மன்னரை விட்டு மக்களை நோக்கி அவர் பார்வை திரும்பியது.

இக்கேள்விகளுக்கு விடை ஓரிடத்தில் எழுதி வைக்கப்படவில்லை. கல்வெட்டு, செப்பேடு, வடமொழி நூல், தமிழ்ப் பாசுரம், கோயிற் சிற்பம் எனப் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. கல்வெட்டைப் படிப்பது எளிதன்று. அதன்மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிப் பதித்து, மை ஒற்றிப் படி எடுப்பார்கள். அப்படியில் உள்ளவை இன்றைய எழுத்துக்கள் அல்ல. பழந்தமிழும் கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்திருக்கும். தேய்ந்துபோன எழுத்தை முன்பின் சொற்களைக் கொண்டு ஊகிக்க வேண்டும். மீனாட்சி தமிழ், வடமொழி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பயிற்சி பெற்றிருந்தார். கல்வெட்டுப் படிக்கும் கலையிலும் தேர்ந்தார்.

அவர் ஆராய்ந்த செய்திகளுள் ஏரிப் பாசனமும் ஒன்று. மகேந்திர தடாகம், பரமேசுவர தடாகம், உத்தரமேரூரின் வயிரமேக தடாகம் எனப் பல்லவர் காலத்து நீர்நிலைகள் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பெயர் பெற்றுள்ளன. ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்கப்பட்டது. ஏரியை மேற்பார்க்க ஊர்ச்சபையில் ஏரிவாரியம் இருந்தது. கண்மாயில் நீர் பெருகினால் உணவு, வறண்டால் பஞ்சம் என்னும் நிலையை அறிந்த இராமநாதபுரம் சீமையார்க்கு, ஓர் அரசனின் போரைவிட ஏரிப்பட்டியின் செய்தி எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டுவதில்லை.

பல்லவர் காலத்துச் சமய வாழ்க்கையை அறிய அவருக்கு உதவிய நூல்களுள் ஒன்று மத்தவிலாசம் என்னும் வடமொழி நகைச்சுவை நாடகம். எழுதியவர் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவர். காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகன் தன் கையிலிருந்த மண்டையோட்டுப் பாத்திரத்தை இழந்துவிடுகிறான். புத்த பிக்கு ஒருவர்மேல் பழி போடுகிறான். பாசுபதர் ஒருவர் நடுவராக வருகிறார். ஓட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது கடைசியில் தெரிகிறது. சிரிக்க வைக்கும் இக்கதையில் ஏழாம் நூற்றாண்டின் சமயத்தார் அத்தனைப் பேரும் நடமாடுகிறார்கள். நீறு பூசியவர், தலை மழித்தவர், காவி உடுத்தவர், மண்டையோடு ஏந்தியவர் என ஒவ்வொருவர் சமயமும் அவரவர் மேனியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால் கைக்கூலி கொடுக்க வேண்டிவரும் என்ற பேச்சும் அதில் வருகிறது. ஓர் அரசனே எழுதிய நகைச்சுவைக்குள்ளும் மக்களின் குறை கேட்கிறது.

பக்தி இயக்கம் ஓங்கிய காலமும் அதுவே. சூலை நோயால் துடித்து, நோய் நீங்கிச் சிவநெறிக்குத் திரும்பியவர் என்று போற்றப்படும் திருநாவுக்கரசர், கையில் உழவாரப் படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். பாடலால் மட்டுமன்றி உடல் உழைப்பாலும் செய்யப்படுவது தொண்டு என்பதை அவர் வாழ்வு காட்டிற்று. இத்தகைய வாழ்வின் பின்னணி எது, அந்த ஊர் எப்படி இருந்தது, அந்தக் கோயிலை யார் நடத்தினர் என்பவற்றையெல்லாம் மீனாட்சியின் ஆராய்ச்சி தெளிவாக்கியது.

1936-ஆம் ஆண்டு அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. அப்போது அவர் வயது முப்பதையொட்டியது. பல்லவர் ஆட்சியில் நிருவாகமும் சமுதாய வாழ்க்கையும் என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்தில் அமைந்த அவ்வாய்வேட்டை, 1938-இல் சென்னைப் பல்கலைக்கழகமே நூலாக வெளியிட்டது. அரசர் வரிசையை மட்டும் அறிந்திருந்த வாசகருக்கு ஒரு நாட்டின் வாழ்க்கையையே அந்நூல் திறந்து காட்டியது.

காஞ்சியின் கல் ஓவியங்கள்

மீனாட்சி அம்மையாரின் பெயர் என்றும் நிலைத்திருப்பது காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலால். இக்கோயிலைக் கட்டியவன் இரண்டாம் நந்திவர்மன். எட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 731 முதல் 796 வரை ஆண்டவன். பரமேசுவர விண்ணகரம் என்பது கோயிலின் பழம்பெயர். திருமங்கையாழ்வார் பாடிய தலங்களுள் இதுவும் ஒன்று. நம் திருப்புல்லாணியையும் அவர் பாடியிருக்கிறார். தொண்டை நாட்டுக் கோயிலையும் சேது நாட்டுக் கோயிலையும் ஒரே ஆழ்வாரின் தமிழ் இணைத்து வைத்திருக்கிறது.

இக்கோயிலின் அமைப்பு வியப்பானது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். கீழே வீற்றிருந்த கோலம், நடுவே பள்ளிகொண்ட கோலம், மேலே நின்ற கோலம் என மூன்று நிலைகளில் திருமால் எழுந்தருளியிருக்கிறார். கருவறையைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மாளிகை. அதன் சுவர்களில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள். அவை புராணக் கதைகள் மட்டும் அல்ல. பல்லவ மரபின் வரலாறே தொடக்கத்திலிருந்து இரண்டாம் நந்திவர்மன் காலம்வரை கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் இவ்வாறு ஓர் அரச மரபின் வரலாறு முழுவதையும் சிற்பத் தொடராகக் காண்பது மிக அரிது.

ஆனால் அவற்றைப் படிப்பது எப்படி? காஞ்சியின் பல்லவர் கோயில்கள் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனவை. மழையும் வெயிலும் காற்றும் மணற்கல்லை அரித்துவிடும். முகங்கள் மழுங்கிப் போயின. பெயர்கள் எல்லாச் சிற்பங்களுக்கும் எழுதப்படவில்லை. தொல்பொருள் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ, 1909-இல் வெளியான தம் நூலில் இச்சிற்பங்களைப் படமாகத் தந்திருந்தார். எனினும் எது எந்த அரசன், எது எந்த நிகழ்ச்சி என்று வரிசையாகப் பொருத்தி விளக்கும் பணி மீனாட்சிக்காகக் காத்திருந்தது.

அவர் செய்தது இதுதான். ஒரு கையில் காசாக்குடிச் செப்பேடு போன்ற பல்லவர் ஆவணங்கள் தரும் அரசர் வரிசை. காரைக்காலுக்கு அருகே 1879-இல் கிடைத்த அச்செப்பேடு, இரண்டாம் நந்திவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மறு கையில் சிற்பங்களுக்கு மேலே ஒரு பகுதியில் காணப்படும் தமிழ்க் கல்வெட்டு விளக்கங்கள். இவற்றோடு சிற்பத்தில் உள்ள மனிதரின் மேனியையே அவர் சான்றாகக் கொண்டார். முகம் மழுங்கினாலும் உடல் பேசும். தலைமேல் நீர் சொரியப்படுபவன் முடிசூட்டிக்கொள்ளும் அரசன். குடை நிழலில் வீற்றிருப்பவன் ஆட்சி நடத்துபவன். கைகூப்பிக் குனிந்திருப்பவர் அடங்கி வந்தவர். யானைமேல் வருவோர், போரில் வீழ்வோர், கூத்தாடுவோர், தவம் செய்வோர் என ஒவ்வொருவர் நிற்கும் நிலையும் ஒரு செய்தி. முடிசூட்டுக் காட்சி ஒவ்வொன்றும் அடுத்த அரசனின் கதைத் தொடக்கத்தைக் காட்டுகிறது. இப்படிச் சான்றோடு சான்றைப் பொருத்திப் பார்த்துச் சிற்பத் தொடரை அவர் படித்து முடித்தார்.

அவற்றுள் ஒரு கதை நம் வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் பல்லவ நாட்டுக்கு அரசன் இல்லை. அமைச்சரும், கடிகையாரும், நாட்டுப் பெருமக்களும் ஒன்றுகூடி, பல்லவ மரபின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று, ஆள ஒரு மகனைத் தருமாறு வேண்டினர். இரணியவர்மனுக்கு நான்கு புதல்வர்கள். அறியாத நாட்டின் சுமையை ஏற்க மூத்தவர் மூவரும் இசையவில்லை. கடைசி மகன் பல்லவமல்லன் தான் போவதாக முன்வந்தான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. இளம் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தந்தை தயங்கினார், பின்னர் இசைந்தார். அச்சிறுவனே காஞ்சிக்கு வந்து முடிசூடி, இரண்டாம் நந்திவர்மனாக அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆண்டான். பெரியவர்கள் பின்வாங்கிய இடத்தில் ஒரு சிறுவன் முன்வந்து நின்ற காட்சி இன்றும் அச்சுவரில் இருக்கிறது.

கடிகையார் என்போர் காஞ்சியின் உயர்கல்விக் கூடத்தைச் சேர்ந்த அறிஞர்கள். தொலைநாடுகளிலிருந்தும் மாணவர் அங்கு வந்து பயின்றனர். அரசனைத் தேர்ந்தெடுக்கும் பொழுதிலும் கல்விக்கூடத்தார் உடன் சென்றனர் என்பது கற்றவர்க்கு அந்நாள் அளித்த மதிப்பைக் காட்டுகிறது.

பட்டம் உண்டு, பணி இல்லை

இத்தகைய கல்விக்கு மதிப்பளித்த காலத்தை ஆராய்ந்த மீனாட்சிக்கு, அவர் வாழ்ந்த காலம் அம்மதிப்பை எளிதில் தரவில்லை. டாக்டர் பட்டம் பெற்ற பின்னர் அவர் பல இடங்களில் வேலைக்கு முயன்றார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிலையான பணி எதுவும் அமையவில்லை. பல்கலைக்கழகத்தின் உயர்ந்த பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணிக்கு வகுப்பறையில் நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை என்பது நம் நெஞ்சை வருத்துகிறது.

அந்நாட்களில் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்கள், கைலாசநாதர் கோயில், காஞ்சியின் கட்டடக் கலை, தென்னாட்டில் பௌத்தம், சிற்பங்களில் காணும் தெய்வ நடனம் ஆகியவை பற்றி எழுதினார். கைலாசநாதர் கோயிலில் சிவபெருமான் ஒரு காலைத் தலையளவு தூக்கியும், முழங்காலை மடித்தும், பலவகையாக ஆடும் உருவங்கள் உள்ளன. யோகப் பட்டையால் கால்களைக் கட்டி மோனத்தில் அமர்ந்த உருவங்களும் உள்ளன. ஆட்டமும் அமைதியும் ஒரே கோயிலில் வழிபாடாகின்றன. இவற்றையெல்லாம் நூலகத்தில் அமர்ந்து எழுதிவிட முடியாது. வெயிலில் நின்று, சுற்றிச் சுற்றிப் பார்த்து, குறிப்பெடுத்து, மீண்டும் சென்று சரிபார்த்தாக வேண்டும். அவர் எழுத்தின் வலிமை அந்த நேர்க்காட்சியில் இருக்கிறது.

கடைசியில் 1939-ஆம் ஆண்டு வழி பிறந்தது. அப்போது மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சர் மிர்சா இஸ்மாயில். அவருடைய முயற்சியால் பெங்களூர் மகாராணி கல்லூரியில் மீனாட்சி அம்மையாருக்கு உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. காஞ்சிக் கோயில்களை ஆராய்ந்த இந்துப் பெண்மணியின் புலமையை மதித்து இடம் அளித்தவர் ஓர் இஸ்லாமியப் பெருமகனார் என்பதும், அவருக்கு முதலில் பட்டம் தந்து உயர்த்தியது ஒரு கிறித்துவ மகளிர் கல்லூரி என்பதும் நம் ஊராருக்கு மகிழ்ச்சி தரும் செய்திகள். கல்விக்குச் சமய வேலி இல்லை.

மறைவு

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பணியில் அமர்ந்து ஓராண்டு நிறைவதற்குள் அம்மையார் நோயுற்றார். 1940-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் உயிர் நீத்தார். கணவனை இழந்தபின் தனியே மகளை வளர்த்து, உயர்கல்விவரை கொண்டு சேர்த்த தாயின் துயரத்தை எழுத நம்மிடம் சொற்கள் இல்லை.

காஞ்சிச் சிற்பங்களைப் பற்றிய அவருடைய பெருநூலை அவர் அச்சில் காணவில்லை. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை அதைத் தன் நினைவேடுகள் வரிசையில் 63-ஆவது ஏடாக 1941-இல் வெளியிட்டது. காஞ்சியின் கட்டடக் கலையை அறிமுகம் செய்யும் அவருடைய நூல் 1954-இல் வெளிவந்தது. அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் உழைப்பு மக்களை வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

அவர் விதைத்த விதை அயல்நாட்டிலும் முளைத்தது. அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரி என்னும் மகளிர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டென்னிஸ் ஹட்சன், இதே வைகுந்தப் பெருமாள் கோயிலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய பெருநூல் அவர் மறைவுக்குப்பின் 2008-இல் வெளியாயிற்று. கடவுளின் திருமேனி என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டிருந்தனர். கோயில் முழுவதையுமே இறைவனின் உடலாகக் கண்டு விளக்கும் நூல் அது. அச்சிற்பங்களைப் படிப்பதற்கு அவருக்கு முன்பே வழி வகுத்துத் தந்தவர் நம் மீனாட்சி அம்மையாரே. தம் நூல் அச்சேறுவதைக் காணும் பேறு முன்னோடிக்கும் கிட்டவில்லை, பின்வந்தவர்க்கும் கிட்டவில்லை. எனினும் அவர்கள் கண்ட உண்மை நமக்குக் கிட்டியிருக்கிறது.

நாம் கற்க வேண்டியது

அன்பு மாணவியரே! மீனாட்சி அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை பல. மூடிய கதவின்முன் நின்றும் அவர் படிப்பை விடவில்லை. பட்டம் பெற்றும் பணி கிடைக்காத ஆண்டுகளை வீணாக்கவில்லை. பிறர் கண்டு கடந்துபோன கற்களின்முன் பொறுமையோடு நின்றார். எந்தச் சமயத்தையும் இகழாமல், ஒவ்வொரு சமயத்தாரும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய முயன்றார்.

அவர் ஆராய்ந்த காஞ்சி நமக்குத் தொலைவு என்று எண்ண வேண்டாம். வரலாறு நம் காலடியிலும் கிடக்கிறது. நம் ஊரின் பழைய கல் பள்ளிவாசலைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கோயில் தூண்களைப் போலவே தூண்கள்; பூவும் கொடியும் செதுக்கப்பட்டிருக்கின்றன; ஆனால் மனித உருவமோ விலங்கின் உருவமோ அங்கு இல்லை. ஒரே மரபைச் சேர்ந்த கைத்திறன், காஞ்சியில் உடலைச் செதுக்கியும் இங்கே உடலைச் செதுக்காமல் விட்டும், இரு சமயத்தாரின் வழிபாட்டுக்கும் இடம் அமைத்தது. உடலைக் காட்டாமல் விடுவதும் ஒரு சமயச் செய்திதான். அருகிலுள்ள பெரியபட்டினத்தில் 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, இடைக்காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கடல் கடந்து வந்த பாண்டங்களில் உண்டவர் யார்? எம்மொழி பேசினர்? எத்திசை நோக்கித் தொழுதனர்? எங்கே அடக்கம் செய்யப்பட்டனர்? இன்னும் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ உள்ளன.

அக்கேள்விகளைக் கேட்கப் போகிறவர்களுள் நம் பள்ளி மாணவியர் சிலரும் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். மீனாட்சி அம்மையார் கல்லூரி வாயிலில் நின்றபோது அவருக்காகப் பிணை நிற்க ஓர் அண்ணன் தேவைப்பட்டார். இன்று உங்களுக்கு அத்தகைய பிணை தேவையில்லை; கதவு திறந்திருக்கிறது. உள்ளே நுழைவதும், நுழைந்தபின் அவரைப் போல் உழைப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. 34 ஆண்டுகளில் அவர் செய்து முடித்ததை எண்ணுங்கால், நமக்கு முன் உள்ள நாட்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மதிப்புடையவை என்பது விளங்கும். வாழ்க அம்மையாரின் புகழ்!